நிற்கிறவருக்கு ஒரு பூட்ஸ்... நடக்கிறவருக்கு ஒரு பூட்ஸ்!

மான்செஸ்டர் பிக்காடில்லி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஈடேல். இங்கிலாந்தின் டெர்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சின்னக் கிராமம். ஒரு தேவாலயம், இரண்டு பப், கல் வீடுகள், எங்கு பார்த்தாலும் ஆடுகள். சனிக்கிழமை காலை ரயிலில் இறங்கும் கூட்டத்தில் யாரும் யாருடைய சட்டையையும் பார்ப்பதில்லை. எல்லோர் பார்வையும் காலில்தான். யார் மேலே போவார், யார் பாதியில் திரும்புவார் என்பதை அங்கே பூட்ஸை வைத்தே சொல்லிவிடுகிறார்கள்.

ஊருக்கு வடக்கே கிண்டர் ஸ்கௌட் மேடு. உயரம் 636 மீட்டர்தான். நம் ஏற்காடே இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். 'இதற்கா இவ்வளவு ஏற்பாடு?' என்று தோன்றும். ஆனால், கிண்டரின் சிரமம் உயரத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. மேலே ஏறியதும் உச்சி என்று ஒன்று கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. அதில் 'பீட்' எனப்படும் கறுப்பு மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் முழுதாக மக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த ஈர மண் அது. பஞ்சுபோல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மேலே பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே இழுக்கும்.

இங்கிருந்துதான் 'பென்னைன் வே' என்ற நடைபாதை தொடங்குகிறது. 1965-ல் திறக்கப்பட்ட இந்தப் பாதை, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி கர்க் யெத்தம் வரை 268 மைல் போகிறது. நடந்தவர்களின் கால்கள் பட்டே பீட் மண் குழம்பிச் சேறானதால், பல இடங்களில் பெரிய கற்பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். மூடப்பட்ட பஞ்சாலைகளின் தரைக் கற்கள் அவற்றில் நிறைய. ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்களாம். ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்ட கற்கள் இன்று நடைபயணிகளைச் சுமக்கின்றன.

முதல் கேள்வியே வேறு!

நாங்கள் போனது செப்டம்பரில். சித்தப்பாவின் மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். சித்தப்பாவுக்கு 66 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஊரிலிருந்து தோல் செருப்பும் ஒரு ஜோடி வாக்கிங் ஷூவும் கொண்டுவந்திருந்தார். "மெரினாவுல தினம் நடக்கிறவன்டா நான். இது போதாதா?" என்றவரை, "மணல் வேற, இந்தச் சேறு வேற சித்தப்பா. ஒரு தடவை கடையில பார்த்துட்டுப் போயிடலாம்" என்று அழைத்துப்போனோம்.

பக்கத்து ஊர் கடையில் இருந்த பெரியவர் சைஸ் கேட்கவில்லை, பட்ஜெட் கேட்கவில்லை. "நிற்கப் போகிறீர்களா, நடக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. கடையில் ஒரு பக்கம் முழங்கால் உயர பச்சை ரப்பர் பூட்ஸ்கள், மறுபக்கம் கணுக்கால் உயர தோல் பூட்ஸ்கள். முதலாவது துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகிறவர்களுக்கு, இரண்டாவது நடக்கிறவர்களுக்கு. ஒரே மேடு, ஒரே மழை, ஒரே சேறு. ஆனால், தேவை வேறு வேறு.

வேட்டையா என்று புருவம் உயர்த்த வேண்டாம். நம் நாட்டில் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பிரிட்டனில் அது இன்றும் சட்டப்படி நடக்கிறது. கௌதாரிபோல உருண்டையாக இருக்கும் 'ரெட் கிரௌஸ்' பறவையை ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை சுடலாம். பணம் கொடுத்து வரும் வேட்டைக்காரர்கள், கல்லும் புல்தரையும் அடுக்கிய மறைப்புகளுக்குள் வரிசையாக நிற்பார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்கள் கொடியை வீசி, சத்தம் போட்டுப் பறவைகளை அவர்கள் பக்கம் விரட்டுவார்கள். இந்தப் பறவைக்காகவே ஹெதர் புதர்களைப் பட்டை பட்டையாக எரித்து வளர்ப்பதும், கழுகு, பருந்துகள் கொல்லப்படுவதாக எழும் புகார்களும் அங்கே ஓயாத சர்ச்சை.

வேட்டைக்காரர் மணிக்கணக்கில் ஈரத்தில் அசையாமல் நிற்கிறார். அவருக்கு எதிரி குளிர். நடக்கிறவருக்கு எதிரி வியர்வையும் உராய்வும். அதனால்தான் பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சென்னைக் கோட்டையில் இருந்தவரின் பெயர்

முழங்கால் ரப்பர் பூட்ஸை ஆங்கிலேயர்கள் செல்லமாக 'வெல்லி' என்கிறார்கள். 'வெலிங்டன் பூட்' என்பதன் சுருக்கம். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகனின் பெயர். ஆர்தர் வெல்லெஸ்லி என்ற இளம் கர்னலாக 1798-ல் சென்னைக்கு வந்தவர்தான் அவர். மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் கலந்துகொண்டார். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் அவர் பெயரில் ஒரு வீடு உண்டு. குன்னூர் பக்கத்து வெலிங்டனும் அவர் பெயர்தான்.

லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஹோபி என்ற செருப்புத் தொழிலாளியிடம், அன்று வழக்கத்தில் இருந்த ராணுவ பூட்ஸைத் தன் வசதிக்கு ஏற்ப மாற்றித் தைக்கச் சொன்னார் வெலிங்டன். அது தோல் பூட்ஸ். ரப்பர் பிறகு வந்தது. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பக்குவப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த பின், 1853-ல் பிரான்ஸிலும் 1856-ல் எடின்பரோவிலும் ரப்பர் காலணித் தொழிற்சாலைகள் வந்தன. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளின் தேங்கிய தண்ணீரில் நின்று நின்று சிப்பாய்களின் பாதங்கள் அழுகின. எடின்பரோ தொழிற்சாலை மட்டும் பத்து லட்சம் ஜோடிக்கு மேல் பூட்ஸ் செய்து அனுப்பியது.

ஈரத்தில் நிற்க, வெல்லிக்கு நிகர் இன்றும் இல்லை. தையல் இல்லாததால் தண்ணீர் உள்ளே வர வழியே இல்லை. குளிர்காலத்துக்கு உள்ளே நியோபிரீன் வைத்தது, நீண்ட நேரம் போட்டிருக்கத் தோல் உள்வரி வைத்தது, கெண்டைக்கால் பருத்தவர்களுக்குப் பக்கவாட்டில் ஜிப் அல்லது பட்டை வைத்தது என்று வகைகள் உண்டு. ஆனால், தண்ணீர் உள்ளே வராத பூட்ஸிலிருந்து வியர்வையும் வெளியே போகாது. லேஸ் இல்லாததால் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் நழுவும். பத்து கிலோமீட்டர் நடந்தால் கொப்புளம் நிச்சயம்.

நடக்கிறவர் கவனிக்க வேண்டியவை

"அப்போ நமக்கு அந்தப் பக்கம்" என்று சித்தப்பாவே தோல் பூட்ஸ் வரிசைக்கு நகர்ந்துவிட்டார்.

இன்றைய பெரும்பாலான 'வாட்டர்ப்ரூஃப்' பூட்ஸ்களில் வெளித்தோலுக்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, சாக்ஸ்போலத் தைக்கப்பட்டிருக்கும். கோர்-டெக்ஸ் அதில் பிரபலமானது. 1969-ல் பாப் கோர் என்பவர் ஒரு வகை பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தபோது, அது நுண்துளைகள் கொண்ட படலமாக விரிந்தது. அந்தத் துளைகளில் நீர்த்துளி நுழையாது, ஆவி வெளியேறும். தத்துவம் சரி. நடைமுறையில், வெளித்தோல் ஊறிப்போனால் ஆவி வெளியேறுவதும் நின்றுவிடும். உள்ளே இருக்கும் ஈரம் மழை அல்ல, நம் வியர்வை. அதனால் சவ்வு இருந்தாலும் தோலுக்கு மெழுகோ, கம்பெனி சொல்லும் கிரீமோ அவ்வப்போது பூச வேண்டும்.

அடுத்தது, நாக்கு. லேஸுக்குக் கீழே இருக்கும் அந்தத் துண்டு, இரண்டு பக்கமும் பூட்ஸோடு மடிப்பாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த உயரம் வரை தைத்திருக்கிறதோ, அந்த உயரம் வரைதான் அது வாட்டர்ப்ரூஃப். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவது, அடிப்பாகம். சேற்றுக்கு ஆழமான பற்கள் வேண்டும். பற்களுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். இல்லையென்றால் சேறு அடைத்து, சோல் வழுவழுவென்று ஆகிவிடும். குதிகால் தனியாக, படிபோல் இறங்கி இருந்தால், ஈரப்புல் சரிவில் இறங்கும்போது பிடித்து நிறுத்தும். பீக் டிஸ்ட்ரிக்ட்டின் வடபகுதிப் பாறை, மணற்கல். உப்புத்தாள்போல் சொரசொரப்பு. தென்பகுதி சுண்ணாம்புக்கல். பல தலைமுறைக் கால்கள் தேய்த்த அந்தக் கல் மழையில் நனைந்தால், எந்த பூட்ஸும் வழுக்கும். அங்கே பார்த்து நடப்பதுதான் ஒரே வழி.

கடைசியாக, அளவு. கடைக்கு மதியத்துக்கு மேல் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நடக்கும்போது போடப்போகும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். லேஸ் கட்டும் முன் பாதத்தை முன்னால் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு குதிகால் எழும்பக் கூடாது. அந்தக் கடையில் சின்னதாக ஒரு சரிவுப் பலகை இருந்தது. "சித்தப்பா, கொஞ்சம் இறங்கிப் பாருங்க. விரல் முன்னாடி இடிக்குதா?" இடித்தது. ஏறும்போது சுகமாக இருந்த ஜோடி, இறங்கும்போது பெருவிரலைக் குத்தியது. செருப்பிலேயே வளர்ந்த அகலமான முன்பாதம் அவருக்கு. அதே சைஸில் அகலமான மாடல் ஒன்றைப் பெரியவர் எடுத்துக் கொடுத்தார். நான்காவது ஜோடி. "இதான்டா!" என்றார் சித்தப்பா.

கொப்புளம் சொல்லாமல் வரும்

சித்தப்பா விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைய வாய்ப்பு உண்டு. நமக்கெல்லாம் கொப்புளம் வரும் முன்னே சுருக்கென்று காட்டிக்கொடுக்கும். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை மணி அடிக்காமலே போகலாம். புண் தெரியவரும்போது அது ஆழமாகியிருக்கும். வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நம் ஊர் அப்பா, அம்மாக்களில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர்!

கிளம்பும் முன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். புது பூட்ஸை வீட்டுக்குள், தெருவுக்குள் சில நாள் போட்டுப் பழக்கிவிட்டு மலைக்குப் போங்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவி, கல், மடிப்பு எதுவும் இல்லையென்று பாருங்கள். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கம்பளி சாக்ஸ் நல்லது. நடுவழியில் ஒருமுறை கழற்றி, பாதத்தைக் கண்ணால் பாருங்கள். நாங்கள் ஜேக்கப்ஸ் லேடர் என்ற கல்படிகளுக்குக் கீழே ஓடைக்கரையில் உட்கார்ந்து சித்தப்பாவின் சாக்ஸைக் கழற்றினோம். பாதம் உலர்ந்திருந்தது. எங்கும் சிவக்கவில்லை. அதற்குப் பிறகே மேலே ஏறினோம்.

இந்த மேட்டில் நடந்ததற்குச் சிறை!

மேலே காற்று ஆளைத் தள்ளியது. மேட்டின் மேற்கு ஓரத்தில் கிண்டர் டவுன்ஃபால் என்ற அருவி. காற்று பலமாக அடிக்கும் நாளில் தண்ணீர் கீழே விழாமல் மேல்நோக்கிப் பறக்கும்.

நாங்கள் நின்ற இடத்தில் ஒரு காலத்தில் சாதாரண மக்கள் கால் வைக்க முடியாது. கிரௌஸ் வேட்டைக்காக ஒதுக்கப்பட்ட நிலம். காவலர்கள் தடியோடு நிற்பார்கள். வாரம் முழுக்க ஆலைப் புகையில் வேலைசெய்த மான்செஸ்டர் இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமை சுத்தமான காற்றுக்கு ஏங்கினார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞர் முன்னே நிற்க, சுமார் 400 பேர் ஹேஃபீல்ட் பக்கமிருந்து தடையை மீறி ஏறினார்கள். ஈடேல் பக்கமிருந்தும் ஒரு குழு வந்து சேர்ந்தது. காவலர்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

அந்தத் தீர்ப்பு, நடக்கும் உரிமைக்கான குரலைப் பெரிதாக்கியது. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம். 1951-ல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது பீக் டிஸ்ட்ரிக்ட். 2000-ல் வந்த சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வரைபடத்தில் குறித்த திறந்தவெளி மேடுகளில் நடக்கும் உரிமையைக் கொடுத்தது. 2002-ல் நடந்த 70-ம் ஆண்டு நிகழ்ச்சியில், அன்றைய நில உரிமையாளரின் பேரனான டெவன்ஷயர் கோமகனே வந்து, தன் குடும்பம் அன்று நடந்துகொண்டதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

விஷயத்தைச் சொன்னதும் சித்தப்பா தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். "நடக்கிறதுக்கு ஜெயிலா! அவங்க காலில் என்ன போட்டிருந்தாங்களோ" என்றார்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* கிண்டர் இப்போது நேஷனல் டிரஸ்ட் வசம் இருக்கிறது. வேட்டை நடப்பது வேறு மேடுகளில். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பறவைகளைச் சுடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மற்ற மேடுகளில் நடக்க ஞாயிறு நல்ல நாள்.

* ஹெதர் பூத்து மேடே ஊதா நிறமாவது ஆகஸ்ட் கடைசியில். புதர்களில் உண்ணி உண்டு, பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

* நனைந்த பூட்ஸை ஹீட்டர் அருகே வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், பசை விடும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

* ஊருக்குக் கொண்டுவந்து பரணில் போடுவது மகா தவறு. பல பூட்ஸ்களின் நடுசோல் பாலியூரிதேன். நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் சும்மா கிடந்தால் சில வருடங்களில் பிஸ்கட்போல் உதிர்ந்துவிடும். அவ்வப்போது போட்டு நடந்தால்தான் நீண்ட நாள் உழைக்கும். சித்தப்பா இப்போது மழைக்கால மெரினாவுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்!