பச்சையில் ஒரு வெள்ளைக் கோடு

சென்னை புதுப்பேட்டையை ஒட்டிய சந்து ஒன்றில் பானெட்டை முன்னால் கவிழ்த்தபடி நிற்கிறது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுதான், 1961-லிருந்து சென்னையில் தயாரானது. மட்கார்டோடு சேர்ந்து முன்பாதியே திறந்துகொள்வதால், டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கிறார் எலக்ட்ரீஷியன். பட்டறையில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’.

உருவிப்போட்ட பழைய ஒயரிங்கைக் காட்டினார். ஹார்னுக்கு ஓர் ஒட்டு, ஸ்டீரியோவுக்கு இரண்டு, இண்டிகேட்டருக்கு நாலைந்து. எல்லாம் கையில் கிடைத்த சிவப்பு ஒயர். “ஒவ்வொருத்தரும் அன்னிக்கு எரியாத லைட்டை எரிய வெச்சுட்டுப் போயிட்டாங்க சார்.”

இதில் ஆபத்தும் உண்டு. அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் கிடையாது. 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும். ஒட்டு தளர்ந்தால் சூடேறும். இன்சுலேஷன் உருகித் தகட்டில் பட்டால் ஒயரே பற்றிக்கொள்ளும். புது செட்டில் ரிலேயும் ஃபியூஸும் சேர்க்கிறார்.

பழைய ஒயர்க்கட்டைப் பிளைவுட் பலகையில் விரித்து, கிளை பிரியும் இடமெல்லாம் ஆணி அடித்திருக்கிறார்கள். உதவிக்கு இருக்கும் பையன் அந்த ஆணிகளை ஒட்டிப் புது ஒயரை ஓடவிட்டு அளவெடுத்து வெட்டுகிறான். நிறம் லூகாஸ் கம்பெனி வகுத்த முறைப்படி: பேட்டரியிலிருந்து நேராக வருவது பிரவுன், இக்னிஷனுக்கு வெள்ளை, எர்த்துக்குக் கறுப்பு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், சிவப்புக் கோடு டிம். பச்சையில் வெள்ளைக் கோடு வலது இண்டிகேட்டர், சிவப்புக் கோடு இடது. கோடு போட்ட ஒயர் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை; அதற்காகவே வேலை ஒரு வாரம் நின்றதாம்.

டிக்கி வரை போகும் ஒயரை உருவும்போதே அதன் வாலில் நூல்கயிறு கட்டிவிட்டிருந்தார்கள். இப்போது அந்தக் கயிற்றில் புது ஒயரைக் கட்டி, பையன் பின்னாலிருந்து இழுக்கிறான். “மெதுவா இழுடா தம்பி, ரப்பர்ல மாட்டும்.” “வருதுண்ணே.”

முடித்ததும் பேட்டரியை நேராகக் கொடுக்கவில்லை. நடுவே ஒரு 21 வாட் பல்பை இணைத்தார். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ஒயர் பிழைத்துக்கொள்ளும். எல்லா சுவிட்சும் அணைந்திருக்க, பல்பு எரியவில்லை. அதன் பிறகுதான் நேர் இணைப்பு.

வண்டிக்காரர் கேட்டார்: “ஒரே கலர்ல இழுத்திருந்தாலும் லைட் எரிஞ்சிருக்குமே?”

“எரியும் சார். ஆனா நாளைக்கு இதைப் பிரிக்கிறவன் என்னைத் திட்டுவான்” என்றார் அண்ணன். தனக்கு முன்னால் கை வைத்தவர்களை அவர் காலையிலிருந்து திட்டிக்கொண்டுதான் இருந்தார்.