கோவைப் பட்டறையில் ஒரு பந்தய வண்டி

மோட்டார்ப் பந்தயத்தில் அபிமானம் கொண்டவர்கள், தடுப்பு வேலிக்கு இப்பால் நின்று, கண்ணெதிரே சீறிப் பாயும் வண்டிகளைக் கண்டு ஆனந்தித்து வீடு திரும்புவதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். பல வருஷங்களாக அந்த ஆனந்தத்தை அனுபவித்து வரும் எனக்கு, கோயமுத்தூரில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைச் செய்யும் பட்டறை ஒன்றில் தொழிலாளிகளோடு ஒரு பகற்பொழுதைக் கழித்த பிறகு, அது இரட்டிப்பாயிற்று.

இந்தத் தொழில் கோவையில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. பஞ்சாலைகளுக்கு உதிரி பாகங்களும் கிணறுகளுக்குப் பம்புகளும் செய்து செய்து, இரும்பை வார்ப்பதிலும் கடைவதிலும் கைதேர்ந்துவிட்ட ஜனங்கள் நிறைந்த ஊர் அது. அவ்வூர்ப் பந்தய வீரர் எஸ். கரிவர்தன், சாதாரண மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கை வண்டியில் பொருத்தி, 1988இல் ‘ஃபார்முலா மாருதி’ என்ற வகையை உண்டாக்கினார். வெளிநாட்டு வண்டியைத் தருவிக்கச் சக்தியில்லாத இளைஞர்களுக்கும் அதனால் வழி பிறந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அத்தகைய வண்டியோடு பந்தய வாழ்வைத் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்றில் பங்கேற்ற முதல் இந்தியரானார். கரிவர்தனோ 1995இல் விமான விபத்தில் மாண்டுபோனார். 2003இல் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பட்டறையில் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது வண்டியின் சட்டம். உருக்குக் குழாய்களை இணைத்துச் செய்யும் அந்தச் சட்டத்தில், ஒரு குழாயின் வட்டமான முதுகில் மற்றொன்றின் முனை இசைந்து உட்கார வேண்டுமானால், முனையைப் பிறைபோல் குடைந்தாக வேண்டும். மிஷினில் குடைந்த பின்னும் மேஸ்திரி விடுவதாயில்லை. அரத்தால் நாலு இழுப்பு இழுப்பார், பொருத்துவார், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், மறுபடியும் அரத்தை எடுப்பார். “சந்து இருந்தா வெல்டிங்கை ஊத்தித்தான் நிரப்பணுமுங்க. அப்புறம் ஆறுறப்போ இழுத்துக்கும், சட்டமே கோணிப்போயிரும்” என்றார். அதனால்தான் எந்த மூட்டையும் ஒரே மூச்சில் பற்றவைக்காமல், முதலில் அங்கங்கே பொட்டு வைத்து, மூலைக்கு மூலை அளந்து, பிறகு இந்தப் பக்கம் கொஞ்சமும் எதிர்ப்பக்கம் கொஞ்சமுமாக நிதானமாக வேலை நடக்கிறது.

இன்னொரு மூலையில், தொழில் பழகும் பையன் ஒருவன், பிரேக் போல்ட்டுகளின் தலையில் இட்ட துளைகளில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கிக்கொண்டிருந்தான். ஓட்டத்தின் அதிர்வில் போல்ட் கழன்றுவிடாமல் காக்கும் கட்டு அது. மேஸ்திரி குனிந்து பார்த்தவுடன் கத்தரியை எடுத்து அதை வெட்டிவிட்டார்.

“கெட்டியாத்தானே இருக்குதுங்கண்ணா?” என்றான் பையன்.

“கெட்டிதான் தம்பி. ஆனா கழலற பக்கமா இழுக்குது பாரு. இறுகற பக்கமா இழுக்கோணும். மறுபடி கட்டு.”

அவர் குரலில் கோபம் லவலேசமும் இல்லை. பையனும் முகம் சுளிக்கவில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வளைவை நெருங்கி, பிரேக்கை நம்பிக் காலை அழுத்தும் ஒருவனுடைய பிராணன் அந்தக் கம்பியில் இருக்கிறது என்பதை இருவரும் அறிவார்கள்.

செட்டிபாளையத்திலும் இதே சிரத்தையைக் கண்டேன். வண்டியின் இருபுறமும் நூலைக் கட்டி, சக்கர விளிம்பின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் நூலிலிருந்துள்ள தூரத்தை உருக்கு அளவுகோலால் அளக்கிறார்கள். ஓட்டுநரின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை இருக்கையில் ஏற்றி, நான்கு சக்கரங்களையும் தனித்தனித் தராசில் நிறுத்தி எடை பார்க்கிறார்கள். அத்தனை ஏற்பாட்டுக்கும் பின்னரே 2.1 கிலோமீட்டர் பாதையில் வண்டி இறங்குகிறது. அதன் முழக்கம் எழுந்தபோது, அதற்குள் அடங்கிய வேலை ஒவ்வொன்றும் என் மனக்கண்ணில் வந்து நின்றது. பந்தயம் பார்ப்பதில் இதைக் காட்டிலும் பெரிய சுகத்தை நான் அறியேன்.

பந்தயம் நடத்துவோருக்கு என்னுடைய பிரார்த்தனை ஒன்று உண்டு: ஜயித்தவர் மேடையேறும்போது, அவருடைய வண்டியைத் தயார் செய்த மெக்கானிக்கின் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். வாசக அன்பர்களே, அடுத்த முறை செட்டிபாளையம் போகும்போது ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், அனுமதி பெற்று, வண்டிகளைத் தயார் செய்யும் இடத்தைப் பாருங்கள்.