சிலுவைக் காசு யாருடையது?

எங்களுக்குப் பரமத்திவேலூர். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம். சேரர்களின் தலைநகராக இருந்த ஊர் கரூர். அங்கே அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் முந்தியவை. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, சட்டைப் பொத்தான் அளவேயான செப்புக்காசுகள். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த அந்தச் சின்னக் காசுகளைப் பற்றி நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனி நூலே எழுதியிருக்கிறார்.

கரூரில் பிறந்த எங்கள் அப்புச்சியும் அப்படிச் சில காசுகளை மூக்குப்பொடி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு டப்பா அம்மாயியிடம் இருக்கிறது. போன மாதம் மாமா மகன் ஒரு காசைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அதில் தெளிவாக ஒரு சிலுவை!

"அந்தக் காலத்துலயே இங்க சர்ச் இருந்திருக்கு" என்றார் ஒருவர். "யாரோ கொண்டுவந்து போட்ட போலி" என்றார் இன்னொருவர். பேச்சு முற்றி, பெரியம்மா குழுவை விட்டே விலகிவிட்டார்.

காசு சொல்வது வேறு கதை. கி.பி. 312இல் ரோம் நகருக்கு வெளியே நடந்த போரில் வென்ற கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை ஆதரித்தார். அதன்பின் ரோமானியக் காசுகளில் மெல்ல மெல்லப் புதிய அடையாளங்கள் வந்தன. கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பிணைத்த சின்னம் ஒன்று; சிலுவை இன்னொன்று. பழசும் உடனே போய்விடவில்லை. ரோமானியரின் பழைய வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் செல்ல, பக்கத்திலேயே கிறிஸ்துவின் சின்னம் இருக்கும் காசுகளும் உண்டு.

அந்த அடையாளம் காசை அடித்த அரசுடையது. அது கைமாறிக் கைமாறி இங்கே வந்தபோது வைத்திருந்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று காசு சொல்லாது. இலங்கையில் இதே காசுகளைப் பார்த்து உள்ளூரிலேயே அச்சடித்துப் புழங்கியிருக்கிறார்கள். பெரியம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்: "நம்ம ரூபாய்க் காசுல இருக்கறது சாரநாத் சிங்கம். பௌத்தத் தூண்ல இருந்தது. அதுக்காக நாமெல்லாம் பௌத்தர் ஆயிட்டோமா?" சிரித்துவிட்டார்.

அம்மாயியின் கவலை வேறு. "ஏஞ்சாமி, புளி போட்டுத் தேச்சா நல்லாத் தெரியுமில்ல?" பதறிப்போய்த் தடுத்தேன். பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். எழுத்து போனால் எந்த அரசர், எந்த ஊர் அச்சகம் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

மண்ணில் இப்படிப் பழங்காசு கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். தேய்க்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். எந்த இடத்தில் கிடைத்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் அப்புச்சியிடம் கேட்க இனி வழியில்லை.