முதலிற் சொன்ன சொல்

திருப்பூரை அடுத்த ஓர் ஊரில் நான் தமிழாசிரியனாக இருந்த காலம். ஒருநாள் இரட்டைப்புலவரைப் பற்றிப் பாடம் நடத்தினேன். "முதுசூரியர், இளஞ்சூரியர் என்னும் இருவருள் ஒருவர் குருடர், மற்றவர் முடவர். முடவரைக் குருடர் தோளிற் சுமந்து நடந்தார்" என்று தொடங்கினேன். வகுப்பில் நகைப்பொலி எழுந்தது. மாணாக்கர் பலரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தனர். இளம்பிள்ளைவாதத்தால் வலக்கால் மெலிந்த சிறுவன் ஒருவன் அங்கே அமர்ந்திருந்தான். அவன் தலை கவிழ்ந்தான். நானோ நகைத்தவரைக் கண்டியாமல் பாடத்தை மேலே நடத்தினேன். அன்றுமுதல் 'இரட்டைப்புலவர்' என்பதே அவனுக்குப் பெயராயிற்று. பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஆண்டிறுதியில் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான்.

பணி ஓய்வு பெற்றபின் உறவினர் ஒருவரைக் காணத் திருப்பூரிலுள்ள பனியன் கம்பெனி ஒன்றுக்குச் சென்றேன். ஓவர்லாக் பொறிகளின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "வணக்கம், ஐயா" என்றார். அவனேதான், இல்லை, அவரேதான். இடக்காலால் மிதியை அழுத்தியவாறு, துணியின் ஓரம் சற்றும் பிசகாமல் அவர் தைத்த திறத்தைக் கண்டு வியந்து நின்றேன். புதியவர்க்குத் தையல் பழக்குபவரும் அவரே என்றனர்.

தேநீர் வேளையில் பழைய நிகழ்ச்சியைச் சொல்லி வருந்தினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, தாங்கள் அவர்களுடைய கண்ணையும் காலையும் முதலிற் சொன்னீர்கள், பாட்டைப் பிறகு சொன்னீர்கள். அதற்குள் வகுப்பு சிரித்து முடித்துவிட்டது" என்றார்.

உண்மைதான். ஒருவர் பாட்டின் முற்பாதியைப் பாட, மற்றவர் பிற்பாதியைப் பாடி முடிப்பாராம். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவ்விருவரும் தந்த செல்வங்கள். இவற்றையன்றோ நான் முதலிற் சொல்லியிருக்க வேண்டும்!

அவருடைய பொறியின் அருகே மாரியப்பன் தங்கவேலுவின் படம் ஒட்டப்பட்டிருந்தது. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிற் பிறந்த மாரியப்பன், ஐந்தாம் வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்தவர். 2016 இல் ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். 2021 இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024 இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார்.

"விபத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், ஐயா. அவர் எப்படிப் பழகினார் என்பதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அழுவதற்காகவே எங்கள் கதையைக் கேட்பவரும் உண்டு" என்றார் நண்பர்.

ஏளனம் செய்பவரைவிட இரங்குபவர் நல்லவர் என்றே நான் அதுகாறும் எண்ணியிருந்தேன். இருவரும் பார்ப்பது காலைத்தான் என்பது அன்று விளங்கிற்று. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்கள் வாய்மொழியாக அவர்கள் வரலாற்றைக் கேட்டவர் நம்முள் எத்தனை பேர்?

பள்ளிக்கு வந்து பேசுமாறு வேண்டினேன். தயங்கித் தயங்கியே இசைந்தார். இம்முறை அவர் பெயரையும் தொழிலையும் மட்டுமே சொல்லி அமர்ந்தேன். அவர் ஒரு பனியனை எடுத்துத் தையலை உட்புறமும் வெளிப்புறமும் திருப்பிக் காட்டினார். "ஒரு நாளில் எத்தனை தைப்பீர்கள்?" "ஊசி விரலில் ஏறியதுண்டா?" என்று பிள்ளைகள் கேட்டவண்ணம் இருந்தனர். ஒரு சிறுமி எழுந்து, "உங்கள் காலுக்கு என்ன ஆயிற்று?" என்றாள். நான் பதறினேன். அவரோ, இரண்டு வயதில் வந்த காய்ச்சலையும், தமக்குக் கிடைக்காமற்போன சொட்டு மருந்தையும், 2014 இல் இந்தியா அந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பெற்றதையும் அமைதியாகச் சொன்னார். பின்னர்ப் பனியனை மீண்டும் கையிலெடுத்து, "கழுத்துப் பட்டியை எப்படி இணைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா?" என்று தொடர்ந்தார்.