நியூகோமின் பண்ணையில்

டெக்சாஸ் மாநிலத்து நியூ பிரவுன்ஃபெல்ஸில் உள்ள ஜோன் நியூகோமின் டெனிஸ் பண்ணைக்கு, இரசிகர் முகாமொன்றுக்காகச் சென்று வந்தேன். "புகழை விற்கிறார்கள், நீர் பணம் கொடுத்து வாங்குகிறீர்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நியூகோம் முதன்முறை விம்பிள்டனை வென்ற 1967இல் அது அமெச்சூர் போட்டி. பரிசுப் பணம் கிடையாது. 1970, 1971 ஆண்டுகளிலும் அவரே சம்பியன். 1972இல் தொழில்முறை ஒப்பந்த வீரர்கள் மீதான தடை அவரை வெளியே நிறுத்தியது. மறு ஆண்டு, நிக்கி பிலிச்சின் இடைநிறுத்தத்தை எதிர்த்து வீரர்கள் சங்கம் விம்பிள்டனைப் பகிஷ்கரித்தது, அவரும் ஆடவில்லை. அதே 1973இல் அவுஸ்திரேலிய, அமெரிக்கப் பட்டங்கள் இரண்டையும் வென்றவர் அவர் என்பதைக் கவனியுங்கள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில் இழந்த இரு விம்பிள்டன்கள்! முகாமுக்கு நான் செலுத்திய கட்டணத்தை இந்தக் கணக்கோடுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

முகாமுக்கு வந்தோரிற் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். முழங்காற்பட்டி அணியாதவரைக் காண்பது அரிது. நியூகோமின் இரண்டாவது சேர்விஸ் அவர் காலத்தில் பெயர்பெற்றது. வயதேறிய அந்தக் கரத்திலிருந்து வந்த ஒன்றை நான் திருப்பி அடித்தேன். பந்து கோட்டுக்குள்ளேதான் விழுந்தது.