பத்து விரல் வரவு

பளபளப்பைப் பார்த்து மடக்குக் கத்தி வாங்காதீர்கள். திறந்த அலகு எதனால் நிற்கிறது என்று பாருங்கள். சாதாரணப் பேனாக்கத்திக்குப் பூட்டே கிடையாது. பிடியின் முதுகிலுள்ள ஸ்பிரிங் அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பென்சில் சீவலாம், மாங்காய் நறுக்கலாம். முனையால் குத்தித் துளை போடப் போனீர்களோ, 'சடக்'கென்று உங்கள் விரல் மேலேயே மடங்கிவிடும்!

பிரான்சில் 1890-ல் பிறந்த ஒப்பினெல் கத்திக்கு, 1955-ல் கழுத்தில் ஒரு வளையம் போட்டார்கள். அலகைத் திறந்து வளையத்தைத் திருகினால், அது குறுக்கே நின்றுகொள்ளும், மடங்கவே மடங்காது.

'மாமா, மரத்துல பொம்மை செதுக்கணும், கத்தி வேணும்' என்றான் தங்கை மகன். தங்கை முறைத்தாள். நான் பி.காம். ஆச்சே, கணக்குப் போட்டேன். செலவு: பூட்டுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் ரூபாய். வரவு: பத்து விரல். வளையம் வைத்ததையே வாங்கினேன்.

மடக்கும்போது மட்டும் விரலை அலகின் வழியில் வைக்காதே மருமகனே, அதற்குப் பூட்டு கிடையாது!