காற்றை அளக்கும் பெட்டி

பௌதிகவியல் கற்பிக்கிறவன் வீட்டு வாசலிலே ஒரு பழைய கார் நிற்பது பெரிய சோதனை. இருபது ஆண்டுகளாக மின்னழுத்தத்தையும் தடையையும் பற்றி வகுப்பிலே முழங்கியவன், தன் வண்டி நோயுற்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா? நான் இருக்கவில்லை. அதனால் விளைந்த கதையையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் கார் 1980களின் கடைசியில் ஜப்பானிலே செய்யப்பட்டது. பலர் கைமாறி என்னிடம் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அப்பொழுது வந்த புதிய வண்டிகளின் விலையைக் கேட்டதும் பழைய வண்டியின் மீது எனக்கு இருந்த அன்பு இரட்டித்தது. அது ஆடம்பரத்திற்கு உரியதன்று. 1990 ஜூனில், எட்டு வயதுப் பிள்ளையாக நான் நீங்கிய மயிலிட்டிக்கு, துறைமுகத்தோடு ஒட்டிய நிலம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்ட பின்னரே மீண்டு வந்தோம். அம்மா மாதம் ஒருமுறை தெல்லிப்பழை வைத்தியசாலைக்குப் போகவேண்டும். முச்சக்கரவண்டியின் குலுக்கம் அவருடைய முதுகுக்கு ஆகாது.

வண்டி கரும்புகை கக்கத் தொடங்கியது. சந்திகளில் நிறுத்தினால் இருமிவிட்டு அணையும். காற்றளவுக் கருவியிலேதான் பிழை இருக்கவேண்டும் என்று நானே தீர்மானித்தேன். தீர்மானம் சரியானதுதான், அதன்பின் செய்ததுதான் தவறு.

ஒரு லீற்றர் பெற்றோல் செம்மையாக எரிய ஏறத்தாழ ஒன்பதாயிரம் லீற்றர் காற்று வேண்டும். எடைக் கணக்கிலே சொன்னால் ஒன்றுக்குப் பதினான்கே முக்கால் மடங்கு. காற்று எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு பெற்றோலைத் தெளிப்பது என்பதைக் காரின் கணனி முடிவுசெய்யும். இதற்காக, காற்று புகும் வழியிலே ஒரு பெட்டி. அதனுள் கதவு போன்ற ஒரு தகடு. உள்ளே விரையும் காற்று கதவைத் தள்ளும். ஒரு சுருள்வில் அதை மீளத் தள்ளும். கதவின் அச்சிலே பூட்டிய ஒரு சிறு கை, கரி பூசிய தடத்தின்மேல் வழுக்கிச் சென்று மின்னழுத்தத்தை மாற்றும். நாங்கள் ஆய்கூடத்திலே பயன்படுத்தும் மாறுந்தடைதான் அது; வேறொன்றுமில்லை.

கரும்பசையால் ஒட்டியிருந்த மூடியைப் பேனாக்கத்தியால் கிளப்பினேன். மின்மானியைத் தொடுத்துக் கதவை விரலால் மெல்லத் தள்ளினேன். முள் ஓரிடத்திலே துள்ளியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கை அதிக நேரம் எங்கே நின்றதோ அங்கே கரித்தடம் தேய்ந்திருந்தது. தடம் பதித்த பலகையை மயிரிழை அளவு நகர்த்தினால் கை புதிய இடத்தில் ஓடும். அது எனக்கு அன்று தெரியாது. நானோ சுருள்வில்லை இறுக்கும் பற்சில்லைக் கண்டேன். இரண்டு பல் திருப்பினேன். புகை நின்றது! மனைவியை அழைத்துக் காட்டினேன். பின்னர் வண்டி இழுக்க மறுத்ததால் ஒரு பல் பின்னே திருப்பினேன். மறுநாள் இன்னும் ஒன்று முன்னே. ஆரம்ப நிலையைக் குறித்து வைக்கவில்லை. முதல் அளவீட்டைக் குறிக்காமல் பரிசோதனையைத் தொடங்காதே என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லுகிறவன் நான்.

அடுத்த 'கிளினிக்' நாளன்று, மாவிட்டபுரத்துக்கு அண்மையில், கொளுத்தும் வெயிலிலே வண்டி நின்றது. எத்தனை முறை திறப்பைத் திருகியும் பயனில்லை. பின்னாசனத்திலே அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, சீசா கொண்டு வரேல்லையோ?" என்றார்.

எந்தச் சீசா என்று அவர் சொல்லத் தேவையில்லை. 1990களின் தடைக்காலத்திலே யாழ்ப்பாணத்து வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது; குளிர்ந்த எஞ்சினிலே பற்றாது. ஆகவே சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பாவின் மொறிஸ் மைனரிலும் அப்படி ஒரு சிறு சீசா இருந்தது. பொன்னைப் போலப் பெற்றோலைத் துளித்துளியாக விடுவார். இடம்பெயர்ந்து இருந்த காலம் முழுவதும் அந்த மணம் எங்கள் உடுப்புகளில் இருந்தது.

அந்தக் கார் அதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதன் காபரேற்றருக்குள் ஓர் உருளை. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க அது மேலெழும். அடியிலுள்ள கூம்பிய ஊசியும் கூட எழ, எண்ணெய் வரும் துளை அகலும். அளப்பதும் வார்ப்பதும் ஒன்றே. இன்றைய வண்டியிலோ ஒருவன் அளக்க, ஒருவன் கணக்குப் பார்க்க, மற்றொருவன் வார்க்கிறான். முதலாமவன் பொய் சொன்னால் மற்ற இருவரும் நேர்மையாகவே பிழை செய்வார்கள்.

அன்று அம்மாவை வழியிலே வந்த ஒருவருடைய வண்டியில் ஏற்றி அனுப்பினேன். காரைக் கயிறு கட்டி இழுத்து, எங்கள் பகுதியிலே கராஜ் வைத்திருக்கும் ஒரு முதியவரிடம் சேர்த்தேன். அந்த மண்ணெண்ணெய்க் காலத்திலே தொழில் பழகியவர் அவர். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"மாஸ்ரர், இந்தப் பல்லுச் சில்லைத் திருப்பினது ஆர்?"

"நான்தான் அண்ணை."

"படிச்ச ஆக்கள் தொட்டால் பழுதும் கொஞ்சம் படிச்ச பழுதாய்த்தான் இருக்கும்," என்று பெட்டியை மேசையில் வைத்தார்.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த கருவி ஒன்றை முதலில் வருவித்தோம். அதுவும் அதே வயது, அதே தேய்வு. பின்னரே வெளியார் செய்து விற்கும் புதுவகைக் கருவியைப் பொருத்துவது என்று முடிவாயிற்று. இதிலே கதவும் இல்லை, வில்லும் இல்லை. சூடேற்றிய நுண்ணிய கம்பி ஒன்றே. ஓடும் காற்று கம்பியைக் குளிரச் செய்யும். அதன் சூட்டைக் குறையாமல் காக்க எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமோ, அதுவே காற்றின் அளவைக் காட்டும். சுடு தேநீரை ஊதிக் குடிக்கும் எவருக்கும் இதன் சாரம் விளங்கும். இதற்கான கணிதத்தை எல். வி. கிங் என்பவர் 1914இலேயே வகுத்துவிட்டார்.

ஆனால் கருவி பொருந்துவது வேறு, சொல் பொருந்துவது வேறு. எங்கள் காரின் பழைய கருவி, காற்றுக் கூடக்கூட மின்னழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும் வகை. புதியதோ கூட்டிச் சொல்வது. பழையது கனவளவைப் பேசும். புதியது திணிவைப் பேசும். ஆகவே இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளனைப் போல ஒரு சிறு மின்னணுப் பெட்டியையும் வாங்கவேண்டியதாயிற்று. செலவை இங்கு எழுதவில்லை. வீட்டிலும் முழுவதையும் சொல்லவில்லை.

எல்லாம் பூட்டித் திறப்பைத் திருகினோம். எஞ்சின் பற்றியது, திறப்பிலிருந்து கையை எடுத்ததும் அணைந்தது. மீண்டும் அப்படியே. முதியவர் ஏழு கம்பிகளையும் எண்ணினார். இரண்டு எதிலும் தொடுக்கப்படாமல் தொங்கின. பழைய பெட்டிக்குள் எவரும் நினையாத ஓர் ஆளி இருந்திருக்கிறது. காற்று வந்து கதவு அசைந்தால்தான் பெற்றோல் பம்புக்கு மின்சாரம். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். கதவே இல்லாத புதிய கருவிக்கு அந்த வேலை தெரியாது.

"ரெண்டையும் முறுக்கிவிட்டால் அலுவல் முடிஞ்சுது. அந்த நாளிலை எத்தினை வண்டியை இப்பிடி ஓட்டினனாங்கள்," என்றார்.

வண்டி ஓடியிருக்கும். அன்றே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். அவருடைய அனுபவத்துக்கு முன்னே, பற்சில்லைத் திருப்பிய எனக்கு வாய் திறக்க என்ன உரிமை? எனினும் திறந்தேன்.

"அண்ணை, எங்கையாவது மோதி எஞ்சின் நிண்டால் பம்ப் நிக்காதெல்லோ? குழாய் உடைஞ்சிருந்தால் பெற்றோல் ஊத்திக்கொண்டே இருக்கும். பின்னுக்கு அம்மா இருப்பா."

அவர் முகம் சற்றே கறுத்தது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பினேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். தீப்பொறிக்கான மின்துடிப்பு வரும்வரை மட்டும் பம்பை ஓடவிடும் ஒரு 'றிலே'யைப் பூட்டியிருந்தார். எஞ்சினை ஓடவிட்டு, பொறிக் கம்பியைக் கழற்றி, பம்பின் இரைச்சல் அடங்குவதைக் கேட்கும்படி என்னைப் பின்னாசனத்தருகே குனிய வைத்தார். அடங்கியது.

"இப்ப சரியோ மாஸ்ரர்?" என்றார். முதுகிலே ஒரு தட்டும் தட்டினார்.

வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறிவிட்டது. செம்மண் புழுதியும் கடற்காற்றும் கலந்த எங்கள் ஊரிலே அந்த நுண்கம்பி நெடுநாள் வாழவேண்டுமானால் காற்றுவடியை மாதந்தோறும் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்டளை. பார்க்கிறேன், வேறெதையும் தொடுவதில்லை. பழைய பெட்டி இப்போது எங்கள் ஆய்கூடத்திலே இருக்கிறது. பிள்ளைகள் அதன் கதவை ஊதித் திறந்து மின்மானியின் முள் துள்ளுவதைப் பார்க்கிறார்கள்.

சென்ற மாதம் மாவிட்டபுரத்தைக் கடக்கும்போது அம்மா முன்னே குனிந்து, "சீசா இருக்கோ தம்பி?" என்று கேட்டார்.

"இருக்கு அம்மா," என்றேன். தண்ணீர்ச் சீசா ஒன்று காலடியில் உருண்டுகொண்டிருந்தது. அவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.